குலுக்கலில் விழுந்தது

மான்டானாவில் எங்கள் கவுண்டி
வரைபடத்தின் மேல் கட்டைவிரலை வைத்தால் மறைந்துபோகும்.
ராத்திரி ஷிஃப்டில் நான் ஒருத்திதான்.
மூன்று திரை, ஒரு ஹெட்செட், ஆறிப்போன காபி.

அழைப்பு வந்ததும் ஒரு படிவம் திறக்கும்.
பெயர். முகவரி. யாருக்காவது காயமா.
அதற்கடுத்து, வீட்டில் ஆயுதம்:
ஆம், இல்லை, தெரியாது.
எதையாவது அழுத்தாமல் கர்சர் நகராது.

கேட்டுவிட்டுத்தான் அழுத்த வேண்டும் என்பது விதி.
வேலைக்குச் சேர்ந்த வருஷம் கேட்டேன்.
"வீட்டில் கரண்டி இருக்கா என்றும் கேட்பாயா?" என்றார் ஒருவர்.
பக்கத்தில் அவர் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.
அதோடு விட்டேன்.
பதினோரு வருஷமாக "ஆம்", கேட்காமலே.

ட்ரென்டனிலிருந்து வந்து சேர்ந்த வில்லா ப்ரஷார்ட் சொன்னாள்,
அங்கே "ஆம்" என்று பதில் வந்தால்
அறையே ஒரு நொடி அடங்குமாம்.
இரண்டாவது கார் கிளம்புமாம்.
இங்கே எல்லா வீட்டுக்கும் இரண்டாவது கார் அனுப்பினால்
முதல் கார் எங்கிருந்து வரும்?

நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கும் மணி
மணி இல்லை,
ஃப்ரிட்ஜ் சத்தம்.

நவம்பர். எல்க் வேட்டை முடியும் ஞாயிறு.
குளியலறைக்குள்ளிருந்து ஒரு பெண், தண்ணீரைத் திறந்துவிட்டு,
"கத்துகிறார், அவ்வளவுதான்."
"ஆம்" அழுத்தினேன்.
லைல் ஹாக்ஸ்ட்ராண்ட் போனான்.
"வாசல் விளக்கு எரியுது. நாய் ஒண்ணு நிக்குது" என்றான் ரேடியோவில்.
குறித்துக்கொண்டேன். நாய்க்குத் தனிக் கட்டம் உண்டு.
படியேறும்போது அவன் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

அடுத்த கார்
நாற்பத்தாறு மைல் தள்ளி இருந்தது.

அடக்கத்தில் ஏழு பேர் வானத்தை நோக்கி மும்முறை சுட்டார்கள்.
பனியிலிருந்து வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி
ஒரு பையன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

பிறகு அவன் மனைவி ரேனெட்டுக்காக நிதி.
தீயணைப்பு நிலையத்தில் பான்கேக், இருபது டாலர் குலுக்கல் சீட்டு.
முதல் பரிசு ஒரு ரைஃபிள். வால்நட் பிடி.
கடைக்காரர் சும்மா கொடுத்தது, கொடுக்கும்போது அழுதார்.
நல்ல மனுஷர்.
இது சரியா என்று யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை. ஐந்து சீட்டு வாங்கினேன்.
எனக்கே விழுந்தது.
கைதட்டினார்கள். ரேனெட் வந்து கட்டிக்கொண்டாள்,
அவள் முடியில் மேப்பிள் பாகு வாசனை.

மார்ச்சில் வீட்டுக்கு ஒரு போன்.
ஏதோ பல்கலைக்கழகம். சளி பிடித்த குரலில் ஒரு பையன்.
எத்தனை வீட்டில் துப்பாக்கி, எத்தனை போலீஸ்காரர் பணியில் சாவு,
இரண்டையும் ஒரே தாளில் வைக்கப்போகிறார்களாம்.
வலப்பக்கம் போகப்போகப் புள்ளிகள் மேலே ஏறுகின்றனவா என்று.
மாநிலத்துக்கு ஒரு புள்ளி.

எங்கள் புள்ளியை லைல் எவ்வளவு தூக்கியிருப்பான்?
ஒரு மயிரிழை.
ஆறடி மூன்றங்குலம் ஆள் அவன்.
கார் சீட்டைப் பின்னுக்குத் தள்ளியே வைத்திருப்பான்,
அடுத்த ஷிஃப்ட்காரர்கள் திட்டுவார்கள்.

"உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, மேடம்?"
இந்தப் பக்கத்திலிருந்து அந்தக் கேள்வியை
நான் கேட்டதே இல்லை.

"குலுக்கலில் விழுந்தது கணக்கில் வருமா?"
"வரும், மேடம்."
"ஒரு தடவைகூடச் சுடாதது?"
"அதுவும்."
"யாருக்காக விற்ற சீட்டு என்று எழுத இடம் இருக்கா?"
மூக்கை உறிஞ்சினான்.
"அப்படி எதுவும் இல்லை. தெரியாது என்று போடட்டுமா?"

அவன் திரையிலும் கர்சர் நகராமல் நிற்கும்.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
அலமாரியைத் திறந்தேன்.
கோட்டுகளை ஒவ்வொன்றாக விலக்கிப்
பார்த்துவிட்டுச் சொன்னேன்.